இன்னும் பதினொரு நாள்

"நான் ஊரைவிட்டுப் போறேன், சாமியாரே," என்றாள் டாபித்தா, கூடையை என் குகை வாசலில் வைத்துவிட்டு.

குகை என்பது பேச்சுக்கு. தோட்டத்து மதிலை ஒட்டி, உடைந்த செங்கல்லும் சிப்பியும் பதித்து எஜமான் சர் ஹம்ப்ரி கட்டிய அலங்காரம் அது. பக்கத்தில் இடிந்த கோயில் வளைவு ஒன்று உண்டு. இடிந்தபடியே புதிதாகக் கட்டியது. நானும் அந்த அலங்காரத்தில் ஒரு பங்குதான். பெரிய மனிதர் தோட்டமென்றால் ஒரு சாமியார் இருக்கவேண்டுமாம்.

விதி எளிது. ஏழு வருஷம் முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. செப்டம்பர் இருபத்தொன்பதில் வரும் மிக்கேல் திருநாள் ஏழாவது முறை விடிந்தால் மேற்கு மதிலுக்கு அப்பால் ஒரு வீடும் ஆப்பிள் தோப்பும் ஆயுசுக்கும் எனக்கு. நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் ஒன்றும் கிடையாது. எனக்கு முன்னால் இருந்தவன் கால் இடறி "ஐயோ" என்றதற்கே துரத்தப்பட்டான்.

தினமும் சுவரில் கோடு கிழித்து எண்ணிவந்தேன். இன்னும் பதினொரு நாள்.

டாபித்தா சமையற்கட்டு வேலைக்காரி. ஐந்து வருஷமாக எனக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவருகிறாள். வைத்துவிட்டுப் போகிற ரகமில்லை. படியில் உட்கார்ந்து பேசுவாள். சமையல்காரியின் பல்வலி, யாருக்கு யார் மேல் கண், எல்லாம் வரும். நான் தலையைக்கூட ஆட்டமாட்டேன். அவள் இல்லாவிட்டால் எனக்கு என்றோ பைத்தியம் பிடித்திருக்கும்.

"லண்டன்ல ஒரு வீட்டுல கூப்பிட்டிருக்காங்க. கேட்டுக்கு வெளிய வண்டி நிக்குது. இருன்னு சொல்ல இங்க எனக்கு யாரு இருக்கா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தலைமைத் தோட்டக்காரர் கெட்ஜ் பேரிக்காய் மரக்கிளைகளைச் சுவரோடு இழுத்துக் கட்டி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாம்புச் செவி.

பதினொரு நாள் பொறுத்தால் வீடு. அப்புறம் லண்டன் போய் அவளைத் தேடிக்கொள்ளலாம். லண்டன் என்ன, நாலு தெருவா?

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு நடந்தாள். சிலந்திவலை பிடித்த கோயில் வளைவைத் தாண்டினாள்.

"போகாதே, டாபித்தா."

யாரோ ஒரு கிழவனின் குரல் போலிருந்தது. என்னுடையதுதான். மதிலுக்கு அப்பால் சுத்தியல் நின்றது.

வீடு போயிற்று. தோப்பு போயிற்று. ஆனாலும் சொன்னதைத் திரும்ப விழுங்க மனம் வரவில்லை. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? "போகாதே," என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

அவள் திரும்பி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக முகம் கோணியிருந்தது. கூடையின் துணியை விலக்கினாள். உள்ளே ரொட்டி இல்லை, ஆறிப்போன வாத்து வறுவல். எங்கள் பக்கம் மிக்கேல் திருநாளுக்குத்தான் வாத்து அடிப்பார்கள்.

"இன்னிக்குத்தான் திருநாள், சாமியாரே. பார்லிமென்ட்டுல காலண்டரையே திருத்திட்டாங்க. இந்த மாசம் ரெண்டாம் தேதிக்கு மறுநாளே பதினாலாம் தேதி. உங்க கெடு விடியக்காலையிலேயே முடிஞ்சுபோச்சு."

கெட்ஜ் சிரிப்பது கேட்டது. ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வண்டியும் பொய்யாம். பாதிரியாரின் பன்றி தொலைந்ததை மூன்று நாள் விடாமல் சொன்னவள், நாட்டிலேயே பதினொரு நாள் தொலைந்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"ஏன் சொல்லல?" என்றேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன்.

அவள் வாத்தின் காலைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

"சொல்லியிருந்தா இன்னிக்கு நீங்க சும்மாவே பேசியிருப்பீங்க. அதை வச்சு நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கிறது?"