ஆளுக்கு இரண்டு பாக்கெட்

"ஆளுக்கு ரெண்டு பாக்கெட்தான் சார்," என்று பில் போடும் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு எண்ணெய் இன்றோடு சரி. அவருக்குக் குறைந்தது பத்து பாக்கெட் வேண்டும். இல்லையென்றால் குடும்பம் நடுத்தெருவில். மனைவியை முன்பின் தெரியாதவள் போல அடுத்த வரிசையில் நிறுத்தியும் நான்குதான் தேறியது. வாடிக்கையாளரின் சேமிப்பே தங்கள் மூச்சு என்று ஒலிபெருக்கி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

பின்னால் எதிர்வீட்டு டீச்சர் ஒற்றைச் சோப்போடு நின்றிருந்தார். இருபது வருடமாக டீச்சரிடம் நெஞ்சை நிமிர்த்தியே பேசிப் பழகிய இவர், இன்று கூனிக் குறுகினார்.

"டீச்சர், உங்க பேர்ல ரெண்டு வாங்கிக் குடுங்க. காசு நான் தர்றேன்."

"அட, எண்ணெய்க்குப் போய் இப்படியா கெஞ்சுவீங்க? வீட்டுல ஏதாவது விசேஷமாண்ணே?"

"விசேஷமா? அடுப்பெரிஞ்சாலே போதும்மா!"

டீச்சர் வாங்கினார். வாசலுக்கு வந்ததும் இவர் பணத்தை நீட்டினார். டீச்சரோ பாக்கெட்டுகளைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு இதையேதானே உங்க கடையில எனக்கு முழு விலைக்கு விக்கப்போறீங்க? நானே கொண்டு போயிடறேன்ணே. உங்களுக்கு எதுக்கு வீண் சுமை?"

மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளர் சாலையைக் கடந்து போவதை, மளிகைக் கடைக்காரர் பணம் நீட்டிய கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.