ஒரே ஷிஃப்ட் வேணாம்

“அவகூட ஒரே ஷிஃப்ட்ல போட்டீங்கன்னா நான் வேலைய வுட்டு நின்னுடறேன் மேடம்.”

மஹாலட்சுமி சொன்ன வேகத்தில் மெர்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் போனில் கேட்டபோது காந்திமதியும் இதையேதான் சொல்லியிருந்தாள், ஒரு வார்த்தை மாறாமல்.

காருக்கு ஒயர் கட்டும் அந்த ஒரகடம் கம்பெனிக்கு மெர்சி சூப்பர்வைசராக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வந்ததும் வராததுமாக மேனேஜர் தமிழ்வாணன் இந்தத் தலைவலியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார்.

“லைன்லயே கை வேகம் அந்த ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணா உக்கார வெச்சாத்தான் புது ஆர்டர் முடியும். சமாதானம் பண்ணு. திங்கள்ல இருந்து ஒரே ஷிஃப்ட். ஒத்து வராதவங்க நின்னுக்கட்டும்.”

மெர்சி மஹாலட்சுமியை விடவில்லை. “அப்படி இன்னாதாம்மா சண்டை?”

“அத்த கேக்காதீங்க மேடம், நெஞ்சு கொதிக்குது.”

கொதிக்கிற மாதிரி தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சே என்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெர்சி, லைனில் மூத்தவளான ராஜாமணியைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

“கொழாயடி சண்ட மேடம். கொடத்தாலயே ஒரு போடு! நான் குறுக்க பூந்தேன், இல்லன்னா கொலையே வுழுந்திருக்கும்.”

பக்கத்து டேபிள் பூஜா வேறு கதை சொன்னாள். “கொழாயடியா? இல்ல மேடம், ஆடி மாசம் கூழ் ஊத்தறப்போ, யாரு மொதல்ல ஊத்தறதுன்னு வந்தது.”

பஸ் டிரைவர் சின்னப்பையனிடம் போனால், “கோழி மேடம்! அவ கோழிய இவ அடிச்சிக் கொழம்பு வெச்சிட்டா.”

மெர்சிக்குக் கோபம் கோபமாக வந்தது. பிள்ளைப்பாக்கத்தில் அடுத்தடுத்த வீடு. பிள்ளை பெற்றவர்கள். ஒரு குடத்துக்காகவும் கோழிக்காகவும் சோறு போடுகிற வேலையை உதறுவார்களா? இவ்வளவு வீம்பா?

சின்னக் கம்பெனி, ஒரே பஸ். காலை ஷிஃப்டை ஊர் ஊராக இறக்கிவிட்ட கையோடு மதிய ஷிஃப்டை ஏற்றிக்கொண்டு திரும்பும். மஹாலட்சுமி காலை ஷிஃப்ட், காந்திமதி மதிய ஷிஃப்ட்; இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கிற இடம் பிள்ளைப்பாக்கம் ஸ்டாப் மட்டும்தான். அங்கேயே கையைப் பிடித்துச் சேர்த்து வைத்துவிடுவது என்று முடிவு செய்து, மெர்சியும் பஸ்ஸில் ஏறினாள்.

அதுவரை கலகலவென்று இருந்த பஸ் கப்சிப்.

“இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்கு மேடம் அலைச்சல்?” என்றாள் ராஜாமணி.

“அந்த ஸ்டாப்புல நாய்ங்க ஜாஸ்தி மேடம்,” என்றாள் பூஜா.

“கடிச்சா கடிக்கட்டும். வண்டிய எடுங்க.”

ஸ்டாப்பில் காந்திமதி யூனிஃபார்மோடு தயாராக நின்றிருந்தாள். ஒரு கை, சிறு பெண் ஒருத்தி சாய்ந்திருந்த சக்கர நாற்காலியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில், துள்ளித் துள்ளி ரோட்டுக்கு இழுக்கும் ஒரு பையனின் மணிக்கட்டு.

பஸ் நின்றதுதான் தாமதம், மஹாலட்சுமி குதித்து இறங்கினாள். பையனின் மணிக்கட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. நடுவில் ஒரு நொடிகூட விடவில்லை.

“உன் புள்ள ரெண்டு வாய்தான் துன்னான். பாப்பாவுக்கு வலிப்பு மாத்திர குடுத்துட்டேன். காலு இழுத்துக்கினு கீது, கொஞ்சம் நீவி வுடு.”

“நான் பாத்துக்கறேன். நீ ஏறு.”

ஏறப் போன காந்திமதி, படியில் நின்ற மெர்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மெர்சி இறங்கி வந்தாள். “யாரும்மா இவங்க?”

“இது என் பொண்ணு மேடம்,” என்றாள் காந்திமதி. “அவன் இவ பையன். கண்ண எடுத்தா ரோட்டுக்கு ஓடிடுவான். எங்க வூட்டுக்காருங்க லாரி ஓட்டறாங்க, எப்ப வருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. ஒருத்தி கம்பெனிக்கு வந்தா இன்னொருத்தி வூட்ல இருந்தாவணும்.”

“இத ஆபீஸ்ல சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னோமே மேடம். வூட்டுக் கஷ்டத்துக்கெல்லாம் ஷிஃப்ட் குடுத்தா ஆளாளுக்கு வந்து நிப்பாங்கன்னு வெரட்டிட்டாங்க.”

பஸ் ஜன்னலிலிருந்து ராஜாமணி தலையை நீட்டினாள். “சண்டைன்னா மட்டும் ஒடனே பிரிச்சி வுட்டுடறாங்க மேடம். அதான் லைனே சேந்து சண்டைய வெச்சோம். இன்னா சண்டைன்னு பேசி வெக்கத்தான் மறந்துட்டோம்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள் மெர்சியையே பார்த்துக்கொண்டிருந்தன. டிரைவர் சின்னப்பையன் இன்ஜினையே அணைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கன்டெய்னர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போக, பையன் திமிறினான். மஹாலட்சுமி ஒரு கையை இறுக்க, மெர்சி தன்னையறியாமல் பாய்ந்து அவனுடைய மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.

மெர்சியின் போன் அடித்தது. மேனேஜர்.

“இன்னா மெர்சி, சமாதானம் ஆச்சா? திங்கள்ல இருந்து ரெண்டு பேரையும் ஒரே ஷிஃப்ட்ல போட்டுடலாமா?”

மெர்சி பையனின் கையை விடாமலே பேசினாள்.

“ஐயையோ, சேத்து மட்டும் போட்டுடாதீங்க சார்! நடுரோட்ல ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சிக்கினு நிக்கறாளுங்க, பஸ்ஸே கெளம்ப மாட்டேங்குது!”