சேவல் கொடுத்த உத்தரவு

"பயப்படாத பச்சையம்மா, கோழிக்கு வந்திருக்கறது வெறும் சளி. மனுசனுக்கு ஒட்டாது" என்றான் தங்கவேல்.

கோழியின் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்க்கில் பத்திரப்படுத்தினான். மலையடிவாரத்துச் சந்தவாசல்காரன். பட்டணத்துக் கால்நடைக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். கோழிச் சளிக் கிருமியைத் தேடி ஜவ்வாது மலையில் நாயாய் அலைந்தவனுக்கு, தீர்த்தகிரி வீட்டு வாசலில் தலையை உதறி உதறித் தும்மிய கோழிகளைப் பார்த்ததும் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"கிருமிக்கு இன்னா பேருங்க சார்?" என்று கேட்டாள் தீர்த்தகிரியின் மகள் பச்சையம்மா.

"கொரோனா. ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது."

எண்பத்தாறாம் வருடத்தில் அவன் சொன்னது பொய்யில்லை.

"அது எப்பிடிங்க இருக்கும்?"

தங்கவேலுக்கு உச்சி குளிர்ந்தது. அவன் கட்டிக்கொண்டு அழும் ஆராய்ச்சியைப் பற்றிப் பெற்ற தாய்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேராசிரியரோ அவன் வாயைத் திறந்தாலே கொட்டாவி விடுவார்.

"கொழுப்பால ஆன ஒரு சவ்வு, அதான் அதுக்கு வூடு. அந்தச் சவ்வுல ஒரு புரதம் இருக்குது. கூரை வேயறப்ப கயிற புல்லுக்குள்ள வுட்டு, வெளிய வாங்கி, திரும்பவும் உள்ள வுடறீங்க இல்ல? அதே மாரி சவ்வ மூணு வாட்டி தச்சிக்கினு போவும். துளியூண்டு நுனி வெளிய, நீட்டு வாலு உள்ள. அந்த வாலுதான் உள்ள இருக்கற சரக்கையெல்லாம் இழுத்துப் புடிச்சி ஒரு கிருமியா உருட்டுது. அது இல்லன்னா வூடும் இல்ல, கிருமியும் இல்ல."

பச்சையம்மா கண் கொட்டாமல் கேட்டாள். "அத எப்பிடிங்க அழிக்கறது?"

"சோப்பு போதும். கொழுப்பு கரைஞ்சா தச்சதெல்லாம் பிரிஞ்சிடும்." பையிலிருந்து ஒரு புதுச் சோப்பை எடுத்து நீட்டினான். "கோழியத் தொட்டா கையக் கழுவிடு. இல்லன்னா மத்ததுக்கும் ஒட்டிக்கும். ரெண்டே நாள்ல அதுங்களும் தலைய ஒதற ஆரம்பிச்சிடும்."

பலா மரத்தடியில் தனியாகக் கட்டியிருந்த சிவப்புச் சேவலைப் பார்க்க அவன் நகர்ந்ததும், கொல்லையிலிருந்து தீர்த்தகிரி ஓடி வந்தார்.

"அத்தத் தொடாதீங்க சார், காளியம்மன் சேவலு! வூட்ல ஒரு நல்ல காரியம் நிக்குது. தலையில தண்ணி ஊத்தினா சேவலு சிலுப்பணும். அப்பதான் ஆத்தா உத்தரவு குடுத்தான்னு அர்த்தம். ரெண்டு வாட்டி ஊத்தியாச்சி, கல்லு மாரி நிக்குது. வர்ற வெள்ளிக்கிழமையும் சிலுப்பலன்னா அந்தப் பேச்சையே வுட்டுட வேண்டியதுதான்."

தங்கவேலின் காதில் இது எதுவும் ஏறவில்லை. சோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற பச்சையம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். சவ்வுப் புரதத்தை ரசித்துக் கேட்கும் பெண் இனி எந்த ஜென்மத்தில் கிடைப்பாள்? கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று மலை இறங்கும்போதே முடிவு செய்துவிட்டான்.

அம்மாவை அழுது புரண்டு சம்மதிக்க வைத்து, அடுத்த சனிக்கிழமை புதுச் சட்டையும் கையில் பூப்பொட்டலமுமாக மலையேறினான். தீர்த்தகிரி வீட்டில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார் தீர்த்தகிரி. "நேத்து ஆத்தா உத்தரவு குடுத்துட்டா! தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே சேவலு தலைய ஒதறுச்சி பாருங்க, இன்னும் நிறுத்தல. பச்சையம்மாவ அவ ஆசப்பட்ட கோபால்சாமிக்கே குடுத்துடறோம்."

பலா மரத்தடியில் சேவல் தும்மியது.

மஞ்சள் பூசிய முகமாக வந்த பச்சையம்மா, தங்கவேலின் கையில் எதையோ வைத்தாள்.

"நீங்க சொன்னத ஒண்ணு வுடாம கேட்டுக்கினேன் சார். இந்தாங்க உங்க சோப்பு, ஒறையக்கூடப் பிரிக்கல."