அரிசிக்குள் பழுத்தது

அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள் பாகீரதி. ஆறு நாளாகப் புதைந்திருந்த காய் அகப்பட்டது. கட்டைவிரலால் அமுக்கினாள். கொஞ்சம் இடம் கொடுத்தது.

பட்டர் ஃப்ரூட் மரத்திலேயே பழுக்காது, பறித்து அரிசிக்குள் வைக்க வேண்டும். சொன்னவன் பிள்ளை வெங்கி.

பதினாலு வயதில் ஏதோ ஜூஸ் கடையில் குடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பழத்தை வீட்டுக்கு வாங்கி வந்தான். அவள் ஒரு வாய் தின்றுவிட்டு, சோப்பு மாதிரி இருக்கிறது என்றாள். நம்மாத்து மரம் காய்க்கட்டும், அப்புறம் சொல்லு என்றான். எந்த மரம் என்று கேட்டாள். கொட்டையில் மூன்று தீக்குச்சிகளைக் குத்தி, தண்ணீர் டம்ளரின் மேல் உட்காரவைத்து, சமையலறை ஜன்னலில் வைத்தான்.

மல்லேஸ்வரத்து வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், அது மாடி உயரம் வளர்ந்தது.

பூக்கவில்லை. கொட்டை போட்டு வந்த மரம் காய்க்காது, குப்பைதான் மிச்சம், வெட்டிவிடுங்கள் என்று எதிர்வீட்டு சேஷகிரி வருஷா வருஷம் சொன்னார். வெங்கி இருந்தவரை அந்தப் பேச்சு எடுபடவில்லை.

வெங்கி போனபிறகு அதை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

அவன் போன மூன்றாம் வருஷம் மூன்று காய் வைத்தது. இரண்டை அணில் கடித்துப் போட்டது.

மூன்றாவதை நீளவாக்கில் அரிந்தாள். கொட்டை வழுக்கி மேடையில் உருண்டது. விரலில் ஒட்டிய பச்சை விழுதைக் குழாயில் கழுவினாள். இரண்டு பாதிகளையும் தட்டில் வைத்து, ஒரு ஸ்பூனோடு கூடத்துக்கு வந்தாள்.

சீனிவாசராகவன் பேப்பரை மடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். இப்போதுதான் காபி குடித்தேன் என்றார். பிறகு சுகர் என்றார். இதில் சர்க்கரையே கிடையாது என்றாள். பல் கூசுகிறது என்றார். வெண்ணெய் தின்ன எதற்குப் பல் என்று தட்டை இன்னும் அவர் பக்கம் தள்ளினாள்.

பிள்ளை வைத்த மரத்தின் முதல் பழம். இந்த வீட்டில் ஒரு வயிற்றுக்குள்ளாவது அது போக வேண்டும். ஆறு நாளாக அவளுக்கு வேறு நினைப்பில்லை.

அவர் ஸ்பூனை எடுத்தார். திரும்ப வைத்துவிட்டார்.

“கயாவிலே இதைத்தான் விட்டேன். காய்க்கவே போறதில்லேன்னு நெனச்சேன்டி.”

வெங்கிக்குப் பிண்டம் வைக்கப் போன இடம். பிடித்த பழம் ஒன்றின் பேரைச் சொல்லி, இந்த ஜன்மத்தில் இனி தொடுவதில்லை என்று விடுங்கள் என்றார் அங்கிருந்த பண்டா, அந்த ஊர்ப் புரோகிதர். எல்லோரும் செய்வதுதான். அவர் எதை விட்டார் என்று அவள் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் வாழை, மா, சப்போட்டா எல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“நீயாவது சாப்பிடு. எப்படி இருக்குன்னு சொல்லு.”

பாகீரதி கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து, ஸ்பூனால் தோண்டி வாயில் வைத்தாள். விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள். ஒரு பாதி தோலாகும்வரை அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோப்பா என்று கேட்டார்.

இல்லை, வெண்ணெய்தான், அவன் சொன்னதுதான் சரி என்றாள்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. மற்றப் பாதியையும் அவள் பக்கம் நகர்த்தினார். அதையும் சாப்பிட்டாள்.

கயாவில் ஆண்கள் விடுகிற பழத்தைச் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனபிறகுதான் பெண்களைக் கூப்பிட்டார்கள். பாகீரதி சொன்ன இங்கிலீஷ் பேர் பண்டாவுக்குப் புரியவில்லை. மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

மூன்று தடவையும் அவள் தெளிவாகத்தான் சொன்னாள்.