தொட்ட கை

தோள்பட்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஸ்தனிஸ்லாஸின் வலது கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. ஆனாலும் ஆசை விடாமல், சாந்தோம் கடற்கரையில் சடுகுடு ஆடப் போனான். பாடிக்கொண்டு போனவன் ஒருவரையும் தொட முடியாமல் கோட்டுக்குத் திரும்பினான். எதிரணியிலிருந்த நெட்டைக் குப்பன், தொடப்பட்டவன்போல் தானாகவே வெளியேறினான்.

“நா உன்னத் தொடவே இல்லியே!”

“தொட்டியே நைனா. வலது கையால, உச்சந்தலைல.”

எல்லோரும் சிரித்தார்கள். குப்பன் சிரிக்கவில்லை.

வீட்டில், ஒத்தடம் கொடுக்க வந்த மனைவி வெரோனிகா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“இன்னாயா இது, உள்ளங்கையெல்லாம் எண்ணெயா கீது? யாரு தலையத் தடவிக்கினு வந்தே?”

முகர்ந்து பார்க்கக் கையைத் தூக்கினான். அது மார்போடு நின்றுவிட்டது. அவன்தான் குனிய வேண்டியிருந்தது.