தூங்க விடாதவள்

"அடிபட்டுப் படுத்திருக்கிறவன்கிட்டயா அலமாரிப் பஞ்சாயத்து?"

தம்பிக்கு அடி என்று கேள்விப்பட்டு ஓடிவந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

தம்பி தச்சர். காலையில் வேலை செய்த இடத்தில் ஏணி சறுக்கி, தலையின் பக்கவாட்டில் நல்ல அடி. பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினால் போதும், மனைவி ஆரம்பித்துவிடுகிறாள்.

"சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தா ஃப்ரிட்ஜ்ல முட்டுது. கீலை இந்தப் பக்கம் வைங்கன்னு அன்னிக்கே சொன்னேன்."

"கதவு சரியாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜைத் தள்ளி வை."

"ஊருக்கெல்லாம் செஞ்சு கொடுக்கிறவருக்குச் சொந்த வீட்டுல கை வரலையே."

"உனக்குத் திறக்கத் தெரியலைன்னு சொல்லு."

அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். போர்வையைப் போர்த்தினாள்.

"நீ தூங்குடா தம்பி. தூங்கி எழுந்தா எல்லாம் சரியாயிடும்."

மனைவி திரையை விலக்கினாள். "அந்தக் கீலை யாரைக் கேட்டு அங்க வச்சீங்க?"

"இந்த வாய்க்குப் பயந்துதான் நான் விடியறதுக்குள்ள வேலைக்குக் கிளம்பறேன்."

"மனுஷியா நீ?" அக்காவின் குரல் உயர்ந்தது. "கொஞ்ச நேரம் சும்மா இருந்தா என்ன குறைஞ்சு போகும்?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணி. இவரை விட்டா நழுவிடுவார்."

மத்தியானத்துக்கு மேல் அவள் மறுபடி தோளைத் தட்டினாள்.

"அப்போ, கதவுல தப்பே இல்லைங்கறீங்க?"

தச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

"தப்புதான்... நீ சொன்னதுதான் சரி. மாத்திடறேன்."

"ஜெயிச்சிட்டியா? இப்போ திருப்தியா?" என்றாள் அக்கா.

மனைவி அதற்குள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"இந்த வெள்ளைத் திட்டு ரத்தம். மண்டையோட்டுக்கும் மூளையை மூடியிருக்கிற உறைக்கும் நடுவுல கசிஞ்சு, கண்ணாடி வில்லை மாதிரி புடைச்சு, மூளையை அழுத்திடுச்சு. எடுத்துட்டோம், பிழைச்சுக்குவார். இந்த மாதிரிக் கசிவுல முதல்ல நல்லாத்தான் பேசுவாங்க. அசதியா இருக்குன்னு வீட்டுல தூங்க விட்டுடுவாங்க. அந்தத் தூக்கத்துலயே முடிஞ்சிடும்."

அக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். போர்வை போர்த்தியது அவள்தான்.

"சரியான நேரத்துல கொண்டுவந்தீங்கம்மா. வாந்தி எடுத்தாரா?"

"இல்லை டாக்டர்."

"கை கால் இழுத்துக்கிச்சா?"

"அதெல்லாம் இல்லை. கட்டுப் போட்ட நர்ஸ்தான், பேச்சுக் கொடுத்துட்டே இருங்க, வழக்கத்துக்கு மாறா ஏதாவது பேசினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னாங்க."

"அப்படி என்ன பேசினார்?"

"நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டார்."