ஐந்தாவது வரி

"டீ மட்டும் போதும்மா. நீ திக்கித் திக்கி மெனு சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பசியே போயிடும்!"

குரியாக்கோஸ் சார் மேசையைத் தட்டினார். கோட்டயத்து கேட்டரிங் கல்லூரியின் அந்த வகுப்பே எதிரே நின்ற நிமிஷாவைப் பார்த்தது.

அன்று ரோல் பிளே. ஓட்டலுக்கு வந்த வாடிக்கையாளர் சார்தான். டீ கேட்டு உட்கார்ந்தவரைப் பேசிப் பேசியே சாப்பாடு வரை இழுக்க வேண்டும். மற்றவர்களிடம் பச்சைப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனுஷன், நிமிஷாவிடம் மட்டும் இப்படி! நாளைக்குத்தான் குமரகம் ரிசார்ட்டில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. அங்கேயும் இதே பரீட்சைதான்.

ஜிஸ்மோளுக்கு ரத்தம் கொதித்தது. எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்து ஓட்டுகிற வாயாடிதான். ஆனாலும் தோழியை அடுத்தவர் சொன்னால் பொறுக்க மாட்டாள்.

"வாயில கூழாங்கல்லா வெச்சிருக்க? பேசத் தெரிஞ்ச யாரையாவது அனுப்பு!" சார் விடுவதாயில்லை.

நிமிஷா சிரித்தாள். "எ... என் பேச்சுதான் சார் லேட்டா வரும். க... கரிமீன் உடனே வந்துடும். காலையில காயல்ல பிடிச்சது. ஒண்ணு கொண்டு வரட்டுமா?"

சார் முறைத்தார். "ஒண்ணு யாருக்குப் பத்தும்? ரெண்டு கொண்டு வா!"

"அப்போ அ... அப்பம் ஆறு போடச் சொல்லிடறேன் சார்!"

அடேயப்பா! வகுப்பே விசிலடித்துக் குதித்தது.

ஜிஸ்மோள் மட்டும் நேரே ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நின்றாள்.

"சார், நீங்க பண்ணினது அநியாயம்! ஒரு பொண்ணோட குறையைச் சொல்லியா பாடம் நடத்துவாங்க?"

"எனக்கு மட்டும் ஆசையா மோளே? இந்தா, பாரு."

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். நிமிஷாவின் கையெழுத்து.

'சார், இதுவரைக்கும் மத்தவங்க என்னைச் சொன்னது இதெல்லாம். நாளைக்கு ரோல் பிளேயில பாவம் பார்க்காம அப்படியே சொல்லுங்க. இங்கே சிரிச்சுச் சமாளிச்சுட்டா, குமரகத்துலயும் சமாளிச்சுடுவேன்.'

கீழே ஐந்து வரிகள்.

"சமாளிச்சுட்டா பாரு, கெட்டிக்காரி!" சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அந்த அஞ்சாவதை மட்டும் அவளே கோடு போட்டு அடிச்சுட்டா."

ஜிஸ்மோள் உற்றுப் பார்த்தாள். 'கேஸ் தீர்ந்த அடுப்பு.' முதல் வருஷம் நிமிஷாவுக்கு ஜிஸ்மோளே வைத்த பட்டப்பெயர்.

பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'இது வேண்டாம் சார். சொன்னவ என் சிநேகிதி. வகுப்புல கேட்டா அவ மனசு கஷ்டப்படும்.'